ரேடாரில் சிவப்பு, தெருவில் வெயில்: நெல்லை மழையை ரேடார் எப்படிப் பார்க்கிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பெரிய வட்டம், அதற்குள் திட்டுத்திட்டாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. கீழே "அடுத்த ரெண்டு மணி நேரத்துல பாளையங்கோட்டையில வெளுத்து வாங்கும்" என்று ஒரு வரி. சில நாள் அப்படியே நடக்கும். சில நாள் ஒரு பொட்டுகூட விழாது. இன்னொரு நாள் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் மலைமேல் உள்ள மாஞ்சோலை எஸ்டேட்டில் விடிய விடிய மழை. உடனே ஒரு தரப்பு "ரேடார் எல்லாம் சும்மா" என்று முடித்துவிடும், இன்னொரு தரப்பு அடுத்த படத்தை அதே நம்பிக்கையோடு பகிரும்.

இரண்டும் சரியில்லை. ரேடார் பொய் சொல்வதில்லை. அது எதைப் பார்க்கிறது, எந்த உயரத்தில் பார்க்கிறது, எங்கே நின்று பார்க்கிறது என்ற மூன்றையும் விட்டுவிட்டு நிறத்தை மட்டும் படிப்பதால்தான் இவ்வளவு குழப்பம். இதில் மூன்றாவது கேள்வி நம் ஊருக்கு ரொம்பவே முக்கியம், ஏனென்றால் நமக்கும் நமக்கு மிக அருகில் உள்ள ரேடாருக்கும் நடுவில் பொதிகை மலை நிற்கிறது.

முதலில், எது ரேடார் படம்?

"ரேடார் படம்" என்று பகிரப்படுவதில் பாதி ரேடார் படமே கிடையாது. மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் ஒரே பெயரில் சுற்றுகின்றன.

இன்சாட் போன்ற செயற்கைக்கோள் எடுக்கும் படம் ஒன்று. அது பூமியிலிருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்து மேகத்தின் தலையைப் பார்க்கிறது. மேகம் எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு என்று சொல்லும். அதன் அடியில் மழை விழுகிறதா என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. அடுத்தது, செல்போன் ஆப்களில் நாளை, நாளை மறுநாள் என்று நகர்த்திப் பார்க்கிற மழை வரைபடம். அது கணினி போட்ட கணக்கு, முன்கணிப்பு. இன்னும் நடக்காத ஒன்றின் படம். மூன்றாவதுதான் ரேடார். சில நிமிடங்களுக்கு முன்னால் வானத்தில் தொங்கிக்கொண்டிருந்த துளிகளை அளந்து போட்ட படம். நாளைக்குப் பெய்யும் மழை எந்த ரேடாரிலும் தெரியாது.

இருட்டில் அடிக்கும் டார்ச்

மழை பெய்கிற ராத்திரி, கரண்ட் போய்விட்டது, தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், ஒதுங்கி நின்று டார்ச் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் போகிற பாதையில் இருக்கிற துளிகள் மட்டும் மினுங்கும். தூறலாக இருந்தால் லேசாக, பெருமழை என்றால் பளிச்சென்று. முன்னால் மழை திரையாக இறங்கினால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரே பக்கத்து வீட்டு மதில் மறைத்தால் டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கி அடிப்பீர்கள். அப்போது மதிலுக்கு மேலே இருக்கிற மழை தெரியும், மதிலுக்குப் பின்னால் தெருவில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

ரேடார் செய்வது இதுதான். வெளிச்சத்துக்குப் பதில் நுண்ணலை, அதாவது சில சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை. ஒரு பெரிய கிண்ணம் போன்ற ஆன்டெனா சுற்றிக்கொண்டே, ஒரு நொடிக்குப் பல நூறு முறை, கண நேரத் துடிப்புகளாக அந்த அலையை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் காது கொடுத்துக் காத்திருக்கிறது. அலை துளிகளில் பட்டுச் சிதறி, அதில் ஒரு சிறு பங்கு ரேடாருக்கே திரும்பி வரும். திரும்பி வருகிற அந்தப் பங்குக்கு எதிரொலி என்று பெயர்.

டார்ச் அடிக்கிற நமக்குத் துளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ரேடாருக்கு முடியும். அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போவதால், எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 150 கி.மீ. தூரத்தில் உள்ள மழையிலிருந்து எதிரொலி வந்து சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்தது என்பது தெரியும், தூரமும் தெரியும், வரைபடத்தில் புள்ளி வைத்துவிடலாம்.

ஒரு சுற்று முடிந்ததும் ஆன்டெனாவைக் கொஞ்சம் தூக்கி இன்னொரு சுற்று. அரை டிகிரியில் தொடங்கி 20 டிகிரி வரைகூட இப்படிப் படிப்படியாக ஏறி மொத்த வானத்தையும் துழாவிவிட்டுக் கீழே வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் படங்கள் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு முறை மாறுவது அதனால்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ரேடார் அலை அனுப்புகிறது, துளியில் பட்டுத் திரும்புகிறது, திரும்பும் நேரம் தூரத்தைச் சொல்கிறது, திரும்பியதன் வலிமை நிறமாகிறது.

நிறம் சொல்வது என்ன?

நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்களின் அலகு டி.பி.இசட். எதிரொலியின் வலிமையை அளக்கும் அளவுகோல் அது. அந்த எண் 10 கூடினால் எதிரொலி 10 மடங்கு வலுத்திருக்கிறது என்று பொருள். 30-லிருந்து 40-க்குப் போவது பார்வைக்குச் சின்னத் தாவல், உள்ளே அது 10 மடங்கு. வழக்கமான கணக்குப்படி 20 என்பது வெறும் தூறல், 30 என்றால் மணிக்கு 2 அல்லது 3 மி.மீ., 40 என்றால் 12 மி.மீ. அளவில், 50 என்றால் 50 மி.மீ. பக்கம்.

"வழக்கமான கணக்குப்படி" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ரேடார் அளப்பது எதிரொலியை. மழையின் அளவு அதிலிருந்து ஊகிப்பது. அந்த ஊகத்தைக் குழப்புவது துளியின் பருமன். ஒரு துளி இரண்டு மடங்கு பருத்தால் அதிலிருந்து வரும் எதிரொலி 64 மடங்கு ஆகிவிடும். 2 மி.மீ. துளி ஒன்றே ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து கொடுக்கிற எதிரொலியைக் கொடுக்கும், ஆனால் அதில் உள்ள தண்ணீர் 8 துளிக்குச் சமம், அவ்வளவுதான். ஆக, பெரிய துளிகள் கொஞ்சமாக விழுகிற கோடை மழை படத்தில் பயங்கரமாகத் தெரியும். பொடித் துளிகள் கோடிக்கணக்கில் இறங்குகிற அடைமழை அதே நிறத்தில் இரண்டு மடங்கு தண்ணீர் கொட்டும். கடலோர வெப்பமண்டல மழைக்கென்று தனியாக உள்ள வாய்பாட்டில் போட்டால், மேலே 12 மி.மீ. என்று சொன்ன அதே 40, மணிக்கு 20 மி.மீ.-க்கு மேல் வரும்.

இன்னொன்று. நாம் அதிகம் பகிர்கிற படம், எல்லா உயரத்திலும் கிடைத்த எதிரொலிகளில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துத் தரையில் ஒட்டிய படம். நெல்லை ஜங்ஷனுக்கு மேலே 6 கி.மீ. உயரத்தில் சிவப்பு, 2 கி.மீ. உயரத்தில் ஒன்றுமில்லை என்றாலும் அந்தப் படத்தில் ஜங்ஷன் சிவப்பாகத்தான் இருக்கும். போதாததற்கு, சுமார் 5 கி.மீ. உயரத்தில் பனித்துகள்கள் உருகத் தொடங்கும் அடுக்கு ஒன்று உண்டு. வெளியே தண்ணீர் பூசிய பனித்துகள் ரேடாருக்குப் பெரிய துளி மாதிரி தெரியும். அங்கே எதிரொலி, உண்மையில் இல்லாத பலத்தைக் காட்டும்.

பொதிகைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரேடார்

நம்மைச் சுற்றி ரேடார்கள் இல்லாமல் இல்லை. சென்னை துறைமுகப் பகுதியில் 2002 முதல் ஒன்று இருக்கிறது, காரைக்காலில் ஒன்று, கொச்சியில் ஒன்று, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் இஸ்ரோவின் ரேடார் ஒன்று. சென்னை நமக்கு 550 கி.மீ.-க்கும் மேல், விட்டுவிடலாம். காரைக்கால் நேர்கோட்டில் 335 கி.மீ. அளவில். கொச்சி 200 கி.மீ.-ஐ ஒட்டி. தும்பா 95 கி.மீ.தான்.

தூரம் என்றால் என்ன ஆகிறது? ரேடார் கற்றை, அதாவது ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலைக்கட்டு, கிட்டத்தட்ட நேராகப் போகிறது. பூமியோ கீழே வளைந்துகொண்டே போகிறது. போகப் போகக் கற்றை தரையை விட்டு உயர்ந்துகொண்டே இருக்கும். அரை டிகிரியில் அனுப்பிய கற்றை காரைக்காலிலிருந்து திருநெல்வேலிக்கு மேல் வரும்போது சுமார் 9 கி.மீ. உயரத்தில் இருக்கும். அங்கே இடிமேகங்களின் தலை மட்டும்தான் கிடைக்கும். கொச்சியிலிருந்து வருவது 4 கி.மீ.-க்குச் சற்று மேல், அதாவது அந்த உருகும் அடுக்குக்குப் பக்கத்தில். தும்பாவிலிருந்து வந்தால் ஒன்றரை கி.மீ.-க்கும் கீழே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் வரைபடத்தில் தும்பாவையும் திருநெல்வேலியையும் ஸ்கேல் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய பொதிகையின் உச்சியான அகத்தியமலையை ஒட்டியே போகும். உயரம் 1,868 மீட்டர். அந்த இடத்தில் கீழ்க் கற்றை அரை கி.மீ. உயரத்தில்கூட இருக்காது. மலையில் முட்டி நின்றுவிடும். தட்டட்டியில் நின்று மதிலுக்கு மேலே டார்ச்சைத் தூக்குகிற வேலையை ரேடாரும் செய்தாக வேண்டும். உச்சியைத் தாண்ட இரண்டு டிகிரிக்கு மேல் தூக்கினால், அந்தக் கற்றை நெல்லைக்கு மேல் வந்து சேர்வது சுமார் 4 கி.மீ. உயரத்தில். மலைத்தொடர் எங்கும் ஒரே உயரம் கிடையாது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தாழ்கிறது, அந்தத் திசையில் பார்வை மேல். ஆனால் பாபநாசம், அம்பாசமுத்திரம், நெல்லை என்று தாமிரபரணி ஓடுகிற நேர் கிழக்குப் பக்கம் மலையின் மறைவில்தான் இருக்கிறது.

அப்புறம் கற்றையின் அகலம். ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை 95 கி.மீ. தூரத்தில் ஒன்றரை கி.மீ.-க்கு மேல் விரிந்துவிடும். வண்ணார்பேட்டையில் மழை, ஜங்ஷனில் இல்லை என்பதை அது பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சுருக்கமாகச் சொன்னால், நெல்லைக்கு மேல் எந்த ரேடார் படத்தில் நிறம் தெரிந்தாலும் அது பெரும்பாலும் 4 கி.மீ. உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள நிலவரம். அதற்குக் கீழே நடப்பது படத்தில் இல்லை.

சாரலும் கோடை மழையும் ஐப்பசி மழையும்

இதைத் தெரிந்துகொண்டால் பருவத்துக்குப் பருவம் படம் ஏன் வேறு மாதிரி ஏமாற்றுகிறது என்பது புரிந்துவிடும்.

ஆனி, ஆடிச் சாரல் மலை முகட்டைத் தாண்டி வழிகிற தாழ்வான மேகத்திலிருந்து வருவது. குற்றாலத்தில் அருவி கொட்டும், ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்களில் மழைமானி நிரம்பும், ஆனால் அந்த மேகங்களில் பெரும்பகுதி கற்றைக்குக் கீழேயே இருந்துவிடுகிறது. துளியும் பொடித் துளி, எதிரொலியும் பலவீனம். இதில் இன்னொரு சிக்கலும் சேரும். தும்பா ரேடாரின் அலைநீளம் 5 செ.மீ. பக்கம், அந்த அலை கனமழைக்குள் புகுந்து வரும்போது தேய்ந்துவிடும். கேரளப் பக்கம் அடித்துப் பெய்கிற நாளில் அதற்குப் பின்னால் இருப்பது இன்னும் மங்கலாகத் தெரியும். "ரேடாரில் ஒன்றும் இல்லை, மாஞ்சோலையில் மழை" என்பது இந்தக் காலத்தில் ரொம்ப சாதாரணமான விஷயம்.

சித்திரை, வைகாசியில் நேர் எதிர். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கருக்கல் கட்டி, மலையை ஒட்டி எழும்புகிற இடிமேகம் 10 கி.மீ.-க்கும் மேல் வளரும். எல்லா ரேடாருக்கும் அது பளிச்சென்று தெரியும். துளிகள் பெரியவை, சில சமயம் ஆலங்கட்டியும் சேரும், படத்தில் சிவப்பு கொதிக்கும். கீழே நெல்லையில் காற்று காய்ந்து கிடக்கிறது. மேகத்திலிருந்து இறங்குகிற துளி அந்த வறண்ட காற்றில் பாதியோ முழுவதுமோ ஆவியாகிவிடலாம். நமக்குக் கிடைப்பது புழுதிக் காற்றும் மண்வாசனையும் மட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் ரேடார் நமக்கு ஓரளவு நன்றாகக் கைகொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கிழக்குக் காற்றில் வருகின்றன, பல நேரம் 4 கி.மீ.-ஐத் தாண்டி வளர்ந்தும் இருக்கின்றன, கீழே காற்றிலும் ஈரம் இருப்பதால் மேலே உள்ளது பெரும்பாலும் தரைக்கு வந்து சேர்கிறது. படம் காட்டுகிற இடமும் மழை பெய்கிற இடமும் ஓரளவு ஒத்துப்போகும். அளவு மட்டும் ஒத்துப்போகாது, பொடித் துளி மழையைப் படம் குறைத்தே காட்டும்.

படத்தை ஓடவிட்டுப் பாருங்கள்

ஒற்றைப் படத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்வது. கடந்த ஒரு மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டால் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, பெருக்கிறதா கரைகிறதா என்று தெரியும். நிறத்தைவிட இது பயன்படும். அம்பாசமுத்திரத்துக்கு மேல் இருந்த திட்டு அரை மணி நேரத்தில் சேரன்மகாதேவிக்கு வந்திருந்தால், அதே வேகத்தில் நெல்லைக்கு வர இன்னும் சுமார் அரை மணி நேரம். கடைக்குப் போகலாமா, காயப்போட்ட நெல்லை அள்ளலாமா என்று முடிவெடுக்க இது போதும்.

இந்தக் கணக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். வருகிற வழியிலேயே அது செத்துவிடலாம், பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கலாம். வானிலைத் துறை "அடுத்த 3 மணி நேரத்துக்கு" என்று மட்டும் சொல்லி உடனடி எச்சரிக்கைகளை விடுவதற்குக் காரணமும் இதுதான்.

படத்தில் எழுதியிருக்கும் நேரத்தையும் பாருங்கள். பல படங்களில் அது யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5:30 மணி கூட்ட வேண்டும். 04:00 என்று இருந்தால் நம் காலை 9:30. காலையில் எடுத்த படத்தைச் சாயங்காலப் படம் என்று நினைத்துப் பகிர்வது அடிக்கடி நடக்கிறது.

டாப்ளர் என்றால்?

டாப்ளர் ரேடார் என்பது துளி இருக்கும் இடத்தோடு, அது ரேடாரை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதையும் அளப்பது. வருகிற துளியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடும், விலகுகிற துளியிலிருந்து வருவதில் கொஞ்சம் குறையும். அந்த வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம் கிடைக்கிறது. புயல் நேரத்தில் இது பெரிய உதவி. தெருவில் மழை வருமா என்று பார்க்கிறவர்களுக்கு இதில் பெரிதாக வேலையில்லை.

எவ்வளவு பெய்தது என்று கேட்டால் மழைமானியைக் கேளுங்கள்

2023 டிசம்பர் 18 காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, மாஞ்சோலையில் 55. ஒரு முழு வருடத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகமாக ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டித் தீர்த்தது. இந்த எண்களை நமக்குக் கொடுத்தவை தரையில் நிற்கிற மழைமானிகள். திறந்தவெளியில் வைத்த ஒரு பாத்திரம், அதில் சேர்ந்த தண்ணீரின் உயரம், காலை 8:30-க்கு அளவு. இதைவிட எளிமையான கருவி கிடையாது. வெள்ளம் வருமா, அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கேள்விகளுக்கு இதுதான் அடித்தளம், ரேடாரின் கணக்கைத் திருத்துவதும் இதை வைத்துத்தான். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேலே பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் பதிவான மழையையும் அணை திறப்பு அறிவிப்பையும் பார்க்க வேண்டும். ரேடார் படம் வெளுத்திருக்கிறதே என்று ஆற்றுக்குள் இறங்கக் கூடாது, மலைக்குப் பின்னால் உள்ளது அதில் தெரியாமலே போயிருக்கலாம்.

நம் பக்கம் ஒரு ரேடார் வந்தால்

ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து நெல்லை 140 கி.மீ. அளவில், நடுவில் மலை கிடையாது. அங்கிருந்து பார்த்தால் கீழ்க் கற்றை நமக்கு மேல் இரண்டரை கி.மீ. உயரத்தில் வரும். நாலு எங்கே, இரண்டரை எங்கே! ஐப்பசி மழைக்கு, அது கடலிலிருந்து வருகிற பக்கத்திலேயே நின்று பார்க்கிற கண்ணாக அது இருக்கும். தாழ்ந்த சாரல் மேகம் மட்டும் அப்போதும் தப்பிவிடும்.

அதற்கும் மேலே போய் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மூன்றுக்கும் நடுவில் ஒரு சிறிய ரேடார் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். 2023-க்குப் பிறகு அதைக் கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது. இடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்றாலைகள். மலை, கட்டிடம் போன்ற அசையாத பொருட்களின் எதிரொலியை, வேகம் பூஜ்ஜியம் என்பதை வைத்து ரேடார் வடிகட்டிவிடும். காற்றாலையின் இறக்கை சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்த வடிகட்டியில் அது சிக்காது, மழை மாதிரியே படத்தில் உட்கார்ந்துகொள்ளும். முப்பந்தல், ராதாபுரம், கயத்தாறு என்று மூன்று பக்கமும் காற்றாலை நிற்கிற நாட்டில், அவற்றிலிருந்து தள்ளி, அதே சமயம் பாபநாசம் மலைச்சரிவும் திருச்செந்தூர்க் கடலும் ஒருசேரத் தெரிகிற மேட்டைத் தேட வேண்டியிருக்கும்.